படிப்பு, வார்ட், சம்பள வேலை: களைத்துப்போன தாதிய மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் தாதிய மாணவர்களுக்கு வார்ட் பயிற்சி கொடுப்பது என் வேலை. காலையில் என்னோடு நிற்பவர்களில் பலர் மாலையில் வேறெங்கோ சம்பளத்துக்கு நிற்கிறார்கள். சிலர் மருந்துக்கடையில், சிலர் சூப்பர் மார்க்கெட் காசாளர் மேசையில், சிலர் படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர் ஒருவரின் கட்டிலடியில். நானும் அப்படித்தான் படித்தேன். வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் மாலை ஐந்து மணியிலிருந்து பத்து மணிவரை இரண்டரை ஆண்டுகள் நின்றிருக்கிறேன்.

இங்குள்ள கேள்விகள் கேன்டீன் வரிசையிலும் படிக்கட்டிலும் 176ஆம் இலக்க பஸ்ஸிலும் என்னிடம் கேட்கப்பட்டவை. “அக்கா, ஒன்று கேட்கட்டுமா?” என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். ஆள் மாறும், கேள்வி மாறாது. அதனால் எழுதி வைத்தேன்.

“எல்லோருக்கும்தான் களைப்பு. எனக்கு இருப்பது மட்டும் எப்படி பேர்ன்அவுட் ஆகும்?”

களைப்பு என்றால் தூங்கி எழுந்தால் போக வேண்டும். ஊருக்குப் போய் இரண்டு நாள் அம்மாவின் கையால் சாப்பிட்டு, மதியத்தில் படுத்துக் கிடந்து திரும்புகிறீர்கள். இரவு பஸ் விடியற்காலையில் புறக்கோட்டைக்குள் நுழையும்போதே வயிற்றைப் பிசைகிறது, இறங்க மனம் வரவில்லை. இது ஒரு தடவை என்றால் ஊர் ஏக்கம். மாதக்கணக்கில் ஒவ்வொரு முறையும் இப்படி என்றால் அது வேறு. அதைத்தான் பேர்ன்அவுட், அதாவது வேலையால் எரிந்து வற்றிப்போவது என்கிறார்கள்.

அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான ஒரு வரலாறு உண்டு. நியூயோர்க்கில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் பகலில் தன் சொந்த மருத்துவ அறையிலும், மாலைக்குப் பின் ஓர் இலவச சிகிச்சை நிலையத்திலும் வேலை செய்தார். அங்கே ஆசையோடு சேர்ந்த தொண்டர்கள் சில மாதங்களில் வெறுமையாகிப்போவதையும், தானே அப்படி ஆவதையும் கண்டு 1974இல் அதை எழுதினார். பகலில் ஒன்று, இரவில் இன்னொன்று என்று இரட்டை வேலை பார்த்த ஒருவர்தான் இதைப் பேசத் தொடங்கினார் என்பதை நான் மாணவர்களுக்குச் சொல்லாமல் விடுவதில்லை.

பின்னர் கிறிஸ்டினா மஸ்லாக் 1981இல் இதை அளக்க ஓர் அளவுகோல் கொடுத்தார். அவர் பார்த்தவை மூன்று: மனம் வற்றிப்போவது, நோயாளியை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, தான் செய்யும் எதிலும் பயன் இல்லை என்று தோன்றுவது. முதலாவது மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஓய்வு போதும். மூன்றும் சேர்ந்து வந்தால் தூங்கி எழுந்து சரிசெய்ய முடியாது.

“இது நோயா? மெடிக்கல் எடுக்கலாமா?”

உலக சுகாதார நிறுவனம் இதை நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும், தொழிலோடு தொடர்புடைய ஒரு நிலை என்றுதான் 2019இல் விளக்கியது. அதாவது கோளாறு உங்கள் மூளையில் மட்டும் இருப்பதாக அது சொல்லவில்லை, வேலை இருக்கும் விதத்தையும் கணக்கில் எடுக்கிறது.

மெடிக்கலில், அதாவது விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழில், “பேர்ன்அவுட்” என்று எழுதித் தருவார்களா என்பது வைத்தியரைப் பொறுத்தது. ஆனால் தூக்கமின்மை, தலைவலி, பதற்றம், இரத்தசோகை எல்லாம் அதன் பின்னால் ஒளிந்திருக்கலாம், அவற்றுக்கு எழுதித் தருவார்கள். பொய் மெடிக்கல் வேண்டாம். உண்மையானதைச் சொன்னாலே விடுப்புக்குப் போதுமான காரணம் உங்களிடம் இருக்கும்.

“வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். நானும் அப்படித்தானோ என்று தோன்றுகிறது.”

காலை ஐந்துக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குப் படுப்பவரைச் சோம்பேறி என்று சொல்ல எந்த அகராதியிலும் இடமில்லை. சந்தேகம் இருந்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள், அங்கே கணக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். நம் பெண் பிள்ளைகளில் பலருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்க இறங்கப் படியேறும்போதே மூச்சு வாங்கும், படிக்க உட்கார்ந்தால் கண் சொருகும். சோற்றுப் பார்சலை முடித்த கையோடு பிளேன்டீ குடிப்பது நம் எல்லோரின் பழக்கம். அந்தத் தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுக்கவிடாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அரச வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை இலவசம். தைரோயிட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை நோயாளிகளுக்கு இரத்தம் எடுக்கும் நமக்கு நம் இரத்தத்தைக் கொடுக்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

“படித்துக்கொண்டே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்?”

ஒரு காகிதம் எடுங்கள். மேலே 168 என்று எழுதுங்கள், ஒரு வாரத்தில் அவ்வளவுதான் மணி. நான் ஒரு மாணவியோடு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. வார்டும் வகுப்பும் 42. சம்பள வேலை நான்கு மாலைகளும் ஞாயிறும் சேர்த்து 28. பஸ்ஸும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் 14. சமையல், குளியல், துணி துவைப்பது, சாப்பாடு 17. படிப்பு 14. தூக்கம் நாளுக்கு ஏழு என்று 49. கூட்டினால் 164. மீதி நான்கு மணி நேரம். அம்மாவோடு பேசுவதும் கோயிலும் தொலைபேசியை வெறித்துப் பார்ப்பதும் அந்த நான்குக்குள்தான்.

இப்போது கடையில் ஒருவர் வரவில்லை, “ஒரே ஓர் இரவு மட்டும் நில் பிள்ளை” என்கிறார்கள். பன்னிரண்டு மணி. நான்கை எடுத்தாலும் எட்டுக் குறைகிறது. எங்கிருந்து எடுப்பீர்கள்? வார்ட் நேரத்தைத் தொட முடியாது, பஸ்ஸை வேகமாக ஓட்டச் சொல்ல முடியாது. தூக்கத்தில்தான் கை வைப்பீர்கள். 49 இப்போது 41 ஆகிறது, நாளுக்கு ஆறு மணிக்கும் குறைவு. அந்த மாணவி தன்னிடம் மன உறுதி இல்லை என்று அழுதுகொண்டு வந்தவள். உண்மையில் அவளிடம் இல்லாதது எட்டு மணி நேரம்.

ஆகவே எத்தனை என்று கேட்டால் என் பதில்: இருபது. அதற்கு மேல் போனவர்கள் எல்லோரும் விழுந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களுக்குத் தடுமாற இடமே இருக்காது. ஒரு காய்ச்சல், ஒரு பரீட்சை, ஒரு மரண வீடு வந்தால் எல்லாம் சரியும்.

“அரச கல்லூரியில் படிப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லையே?”

அங்கே மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. அதனால் வெளியே வேலைக்குப் போக வேண்டிய நெருக்கடி குறைவு, வார்ட் சுமை குறைவு என்று அர்த்தமில்லை. வெளியே வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களில் தவணைக் கட்டணம் செலுத்திப் படிப்பவர்கள். நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடரும், ஏற்கெனவே தாதியராக இருப்பவர்களும் உண்டு. அவர்களில் பிள்ளை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய 168ஐப் போட்டுப் பார்க்க எனக்கே பயம்.

“எந்த வேலை குறைவாகக் களைக்கும்?”

சம்பளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம், தூரத்தைப் பார்ப்பதில்லை. பொரளையில் வகுப்பு, கொட்டாஞ்சேனையில் போடிங் (வாடகை அறை), தெஹிவளையில் வேலை என்றால் அந்த முக்கோணமே உங்களைத் தின்றுவிடும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் போடிங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள வேலையே லாபம்.

அடுத்தது, வார்டில் செய்வதையே மாலையிலும் செய்யாதீர்கள். வீட்டு நோயாளரை இரவில் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பணம் நன்றாக வரும், “அவர் தூங்கும்போது நீயும் தூங்கலாம்” என்றும் சொல்வார்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர் இரவில் எத்தனை தடவை எழுவார் என்று வார்டில் பார்த்த நாமே அதை நம்பிவிடுகிறோம். பகலில் பத்துப் பேரின் வலி, இரவில் ஒருவரின் வலி என்றால் மனம் எப்போது இறங்கி நிற்கும்? காசாளர் மேசையில் கால் வலிக்கும்தான், ஆனால் யாரும் உங்கள் கையைப் பிடித்து அழமாட்டார்கள். சாதாரண தர மாணவர்களுக்கு வீட்டில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்த ஒரு பிள்ளைதான் எனக்குத் தெரிந்தவர்களில் நிம்மதியாகப் படித்து முடித்தாள்.

“ஞாயிறு முழுக்கத் தூங்கினால் ஈடுகட்டிவிடலாம் அல்லவா?”

ஓரளவுக்கு. ஆனால் பகல் இரண்டு மணிவரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை அரைத் தூக்கத்தோடு தொடங்கும். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் மட்டும் கூடத் தூங்குங்கள், பிறகு மதியம் சற்றுச் சாயுங்கள்.

பஸ்ஸில் தூங்குவது கணக்கில் சேருமா என்றும் கேட்கிறார்கள். இல்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கண் திறந்து பார்ப்பதற்குப் பெயர் தூக்கம் அல்ல.

“இரவுப் பணி முடிந்து வந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை. பிரிட்டன் மாத்திரை போடலாமா?”

வேண்டாம். பிரிட்டன் ஒவ்வாமைக்கான மருந்து. அது தரும் மயக்கம் உடலில் நீண்ட நேரம் தங்கி, மறுநாள் வார்டில் பஞ்சு சுற்றிய தலையோடு உங்களை நிறுத்தும். வார்ட் அலுமாரியிலுள்ள தூக்க மாத்திரையைப் பற்றி யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். அது திருட்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மாத்திரைக்கு அருகிலேயே வேலை செய்பவர்கள் வழுக்கினால் விழுவது மிக ஆழத்தில்.

செய்யக்கூடியவை சில. உடலின் கடிகாரம் அதிகாலை மூன்றிலிருந்து ஐந்துவரை அடிமட்டத்துக்கு இறங்கும், அப்போது தேநீர் குடிக்கத் தோன்றும். அதை இரவு ஒரு மணியோடு நிறுத்துங்கள். கஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குக் குடித்த கோப்பி காலை எட்டு மணிக்கும் உங்களோடு கட்டிலில் படுத்திருக்கும். வைத்தியசாலை வாசலை விட்டு இறங்கியதும் குடையை விரியுங்கள், மழை இல்லாவிட்டாலும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை பகல் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்துவிடும். போடிங் சன்னலில் திரை இல்லையென்றால் கறுப்புத் துணி ஒன்றைக் குண்டூசியால் குத்துங்கள். நான் என் பழைய பாவாடையைக் குத்தினேன். வீட்டுக்கார அம்மா ஒரு வாரம் சிரித்தார்.

“நோயாளி அழுதாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் கெட்டவளாகிவிட்டேனா?”

முதல் பதிலில் சொன்ன மூன்றில் இரண்டாவது இதுதான். “பதினாறாம் கட்டில்” என்று மட்டும் சொல்லத் தொடங்குவோம், பெயர் மறந்துபோகும். தண்ணீர் கேட்டால் எரிச்சல் வரும். கெட்டவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. வற்றிப்போன மனம் மிச்சத்தைக் காப்பாற்றக் கதவைச் சாத்திக்கொள்கிறது.

வலிந்து இரக்கப்பட முயலாதீர்கள், முகத்தில் அது நடிப்பாகத் தெரியும். ஒரு பணிநேரத்துக்கு ஒரே ஒரு நோயாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் நோயைப் பற்றிக் கேட்காமல் ஊரையோ பேரப்பிள்ளையையோ கேளுங்கள், இரண்டு நிமிடம் போதும். மற்றவர்களுக்குக் கை சரியாக வேலை செய்தால் இப்போதைக்குப் போதுமானது. தூக்கம் திரும்பும்போது மற்றதும் மெல்லத் திரும்பும்.

“வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்லாவற்றுக்கும் என்னையே கூப்பிடுகிறார்கள்.”

தமிழ்ப் பிள்ளைகளின் களைப்பில் இதை யாரும் எண்ணிச் சேர்ப்பதில்லை. பாடம் ஆங்கிலத்தில், பணி ஒப்படைப்பு சிங்களத்தில், நோயாளியின் வலி தமிழில். ஒரு நாளில் நூறு தடவை மூளை தண்டவாளம் மாறுகிறது. அதற்கு மேல் பக்கத்து வார்டிலிருந்தும் ஆள் வரும்: “அந்தத் தமிழ் மிஸ்ஸைக் கொஞ்சம் அனுப்புங்கள்.” உங்கள் வேலையோ அப்படியே கிடக்கும், பிறகு தாமதம் என்று நீங்களே திட்டும் வாங்குவீர்கள்.

எனக்கு இருபது வயது இருக்கும்போது மலையகத்திலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட ஓர் அம்மாவுக்கு, அவருடைய ஒரு காலை வெட்டி எடுக்க வேண்டும் என்ற செய்தியைத் தமிழில் சொல்ல என்னை நிறுத்தினார்கள். வைத்தியர் நான்கு வாக்கியம் சொன்னார், நான் இரண்டாகச் சொன்னேன். அவர் என் சீருடைக் கையைப் பிடித்துக்கொண்டு, காலில்லாமல் எப்படி மலை ஏறிக் கொழுந்து எடுப்பது என்று என்னிடம்தான் கேட்டார். வைத்தியர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அந்த வைத்தியர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்று மாலை மருந்துக்கடையில் ஒருவர் கேட்ட பனடோலுக்குப் பதிலாக வேறெதையோ எடுத்துக் கொடுத்து ஏச்சு வாங்கினேன்.

எனவே என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி இது. சாப்பிட்டீர்களா, எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து என்பவற்றைத் தாராளமாக மொழிபெயர்க்கலாம். சத்திரசிகிச்சைச் சம்மதம், கெட்ட செய்தி இரண்டுக்கும் மாணவி தனியே நிற்கக்கூடாது, “சிஸ்டர், நீங்களும் கூட இருந்தால்தான் சொல்வேன்” என்று சொல்லிவிட வேண்டும். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. தமிழில் விளக்கம் பெறுவது அந்த அம்மாவின் உரிமை. அந்த உரிமையை நிறைவேற்றும் பாரத்தை இரண்டாம் ஆண்டு மாணவியின் தலையில் மட்டும் வைப்பதுதான் தவறு. இன்னொன்று, மொழிபெயர்க்கப் போன நேரத்தையும் உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதாத வேலையை யாரும் வேலையாகப் பார்க்கமாட்டார்கள்.

“தூக்கக் கலக்கத்தில் மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.”

அந்தப் பயம் நல்லது, அதை விடாதீர்கள். நான் மாற்றிக் கொடுக்கப் பார்த்தவள். ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள், 11ஆம் கட்டிலிலும் 14ஆம் கட்டிலிலும். என்னோடு நின்ற சீனியர் வேறு கட்டிலுக்குக் கூப்பிடப்பட்டுவிட்டார். கையில் இன்சுலின். சட்டையை விலக்கும்போது அந்த அம்மா மிக மெதுவாக, “எனக்குச் சீனி வருத்தம் இல்லையே, மகள்” என்றார். நான் தவறான கட்டிலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது காலை ஏழு மணி. முந்தைய நாள் ஐந்து மணிக்கு எழுந்து, வார்ட், கடை, பிறகு இரவுப் பணி. 26 மணி நேரம் விழித்திருந்தேன்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண், கவனம் எல்லாம் இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்குகின்றன, 24 மணி நேரத்தில் 0.10 அளவுக்கு. நம் நாட்டில் வாகனம் ஓட்ட அனுமதிக்கப்படும் எல்லை 0.08. அந்தக் காலையில் எனக்கு ஆட்டோ ஓட்டக்கூட அருகதை இருக்கவில்லை, கையில் ஊசி இருந்தது.

சரியான நோயாளி, சரியான மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஐந்தையும் மனதுக்குள் சொல்லாதீர்கள், வாயால் சொல்லுங்கள். பெயரை நீங்கள் சொல்லி “ஆம்” வாங்காதீர்கள், அவரையே சொல்ல விடுங்கள். களைத்திருந்தால் “எனக்கு இன்று தலை வேலை செய்யவில்லை, இரண்டாம் முறை பாருங்கள்” என்று கேளுங்கள். கேட்டதற்காக என்னிடம் எந்தப் பிள்ளையும் மதிப்பெண் இழந்ததில்லை.

“கடையில் நான்கு மாலைதான் வேலை. ஊழியர் சேமலாப நிதியெல்லாம் கேட்க முடியுமா?”

முடியும். தற்காலிகமோ பகுதிநேரமோ, சேமலாப நிதி உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி போட வேண்டியது 12 சதவீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியே 3 சதவீதம். கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்பது எல்லை. அதைத் தாண்டினால் ஒன்றரை மடங்குச் சம்பளம். வாரத்தில் 28 மணி அல்லது அதற்கு மேல் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு ஒன்றரை நாள் விடுமுறையும் உண்டு. மேலே போட்ட கணக்கில் வந்த 28ஐ நினைத்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் 27ஓடு நிறுத்துவது தற்செயல் அல்ல.

முதலாளியோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. வந்த நேரம், போன நேரம் இரண்டையும் சிறு கொப்பியில் எழுதி வையுங்கள். தேவைப்பட்டால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

“கல்லூரியில் சொன்னால் ‘இவள் தாங்கமாட்டாள்’ என்று பெயர் வந்துவிடாதா?”

யாரிடம், எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. “என்னால் முடியவில்லை” என்று அழுதுகொண்டு போனால் ஆறுதல் கிடைக்கும், ரோஸ்டர் மாறாது. 168 கணக்கைக் கொண்டுபோங்கள். “புதன் இரவும் வியாழன் காலையும் சேர்ந்து வருகின்றன, வியாழனை மாலைக்கு மாற்ற முடியுமா?” என்று ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவளாகச் சொல்கிறேன்: ஒன்றைக் கேட்பவருக்கு ஒன்று கொடுக்க எனக்கு எளிது, எல்லாவற்றையும் கேட்பவருக்கு என்ன கொடுப்பது என்றே எனக்குத் தெரியாது.

நம்மிடையே இதைக் கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. “எங்கள் காலத்தில்” என்று தொடங்கும் சீனியர் ஒவ்வொரு வார்டிலும் ஒருவர் உண்டு. அவரிடம் சொல்லாதீர்கள்.

“வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டும். வேலையைக் குறைத்தால் எப்படிச் சொல்வது?”

அம்மாவின் நகை அடகில், தம்பியின் டியூஷன் காசு உங்கள் கையில். மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் எனக்குப் பதில் குறைவாக இருப்பது இதற்குத்தான். 2022க்குப் பிறகு போடிங் வாடகையும் சோற்றுப் பார்சலும் ஏறிய ஏற்றம் ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நாமும் சொல்வதில்லை, “நன்றாக இருக்கிறேன் அம்மா” என்று வைத்துவிடுகிறோம்.

தொகையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். பரீட்சைக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் குறைத்து அனுப்புவதாகச் சொல்லுங்கள். முடிவுத் திகதி இருந்தால் வீட்டார் ஏற்றுக்கொள்வார்கள். கல்விக் கட்டணத் தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்று கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். என் அப்பாவிடம் இதைச் சொல்ல நான் எட்டு மாதம் பயந்தேன். சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “முதலே சொல்லியிருக்கலாமே?”

“நான் ஆண். எனக்கும் இப்படி வருமா, மிஸ்?”

வரும். ஆண் மாணவர்களைத் தூக்குவதற்கும் புரட்டுவதற்கும் வார்ட் வார்டாகக் கூப்பிடுகிறார்கள், முதுகு உடைகிறது. அழவும் மாட்டார்கள், எரிந்து விழுவார்கள். கோபம் புதிதாக வந்திருந்தால் அதையும் களைப்பின் கணக்கில் எழுதுங்கள்.

“இது பேர்ன்அவுட்டா, மனச்சோர்வு நோயா? எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?”

வேலையிலிருந்து விலகி நின்றால் கொஞ்சமாவது இலேசாகிறதா என்று பாருங்கள். விடுமுறையிலும் பிடித்த சாப்பாடு ருசிக்கவில்லை, நண்பர்களைப் பார்க்க மனமில்லை, விடியற்காலையில் விழிப்பு வந்து மனம் கனக்கிறது, தகுதியற்றவள் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இது இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் வைத்தியரைப் பாருங்கள். அது சிகிச்சையால் குணமாகும் நோய். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. நீங்கள் சொல்வது உங்கள் கல்லூரிக்குப் போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வைத்தியர் மற்றவர்களைச் சேர்ப்பார்.

செத்துப்போனால் நிம்மதி என்று ஒரு தடவை தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். 1333 இலவச ஆலோசனைச் சேவை. பக்கத்துக் கட்டில் தோழியை எழுப்புங்கள், அவள் கோபிக்கமாட்டாள். அந்த நிறுவனம் இருப்பது அங்கொடையில். அந்த ஊரின் பெயரைத் திட்டாக வைத்து நாமே பலரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுத்திருக்கிறோம். தாதியராகப் போகிறவர்கள் அந்தப் பகிடியைச் சொல்லாமல் இருக்கலாம்.

“படிப்பு முடிந்து வெளிநாடு போனால் எல்லாம் தீர்ந்துவிடும்தானே?”

சம்பளம் கூடும். இரவுப் பணி அங்கும் இரவில்தான். எரிந்துபோன நிலையில் பறந்தவர்கள் குளிரும் தனிமையும் சேர்ந்து அங்கே படுத்துவிட்டதை அறிவேன். போவதாக இருந்தால் முதலில் ஆறி, பிறகு போங்கள்.

“வேலையையும் விட முடியாது, படிப்பையும் விட முடியாது. அப்படியானால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?”

முன்பு சொன்ன 168 மாணவியே கேட்டது இது. கோபத்தோடுதான் கேட்டாள். அவளுக்கும் இரண்டையும் விட வழியில்லை. காகிதத்தை மறுபடி விரித்தோம். பஸ்ஸுக்குப் போன 14 மணி நேரத்தில் விரலை வைத்தாள். போடிங்கைக் கடைக்குப் பக்கமாக மாற்றினாள். வாடகை கொஞ்சம் கூட, அறை சிறியது, சன்னலைத் திறந்தால் ரயில் சத்தம். பஸ் நேரம் ஏழாகக் குறைந்தது. ஞாயிறு வேலையைப் பரீட்சை முடியும்வரை நிறுத்தினாள், அதில் எட்டு. மொத்தம் பதினைந்து மணி நேரம்.

அவற்றில் எத்தனை மணி படிப்புக்கு, எத்தனை மணி தூக்கத்துக்கு என்று கேட்டேன். முதல் வாரம் முழுவதையும் தூங்கப் போவதாகச் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை வார்டுக்கு வந்தபோது, கட்டில் எண்ணைச் சொல்லாமல் பெயரைச் சொல்லி அறிக்கை வாசித்தாள்.